ஊராட்சிப் பூங்கா சேரிக் குழந்தைக்கு எத்தனை அடி தூரம்?

இரண்டு வயதுக் குழந்தை தன் காலால் எவ்வளவு தூரம் நடக்கும்? வாசலிலிருந்து தெருமுனை வரை போகும். நடுவில் கோழியைப் பார்த்தால் நின்றுவிடும். கூழாங்கல் கிடைத்தால் உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் போனால் 'தூக்கு' என்று கையை நீட்டும். அந்த வயதில் குழந்தையின் உலகம் அவ்வளவுதான். ஊராட்சியில் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இடம் குறிக்கிறவர்கள் இந்தத் தூரத்தை அளந்து பார்க்கிறார்களா? யாருடைய வாசலிலிருந்து அளக்கிறார்கள்?

கிராமத்தில் பூங்கா எதற்கு, காடும் வயலும் ஏரிக்கரையும் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது சரி. தவழ்ந்து எழுந்து ஓடத் தொடங்கும் குழந்தைக்கு ஏரிக்கரையும் கிணற்று மேடும் ஆபத்து. 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் வீட்டருகே விளையாடிய 2 வயதுக் குழந்தை, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்து இறந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சின்னக் குழந்தைக்கு வேண்டியது பாதுகாப்பான, கண்ணுக்கு எட்டிய, நிழலுள்ள ஒரு சிறிய இடம். அது இல்லாத வீடுகளில் குழந்தை கட்டில் காலில் கட்டிப்போடப்படுகிறது, அல்லது கையில் செல்போன் கொடுத்து உட்கார வைக்கப்படுகிறது. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் ஓடியாடி அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. ஒற்றை அறை வீட்டில் மூன்று மணி நேரம் எங்கே ஓடுவது?

திட்டம் வந்தது, தெரு வரவில்லை

அரசு இதை நினைக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் செய்ய வேண்டிய பணிகளில் குளம், நூலகம், சுடுகாடு ஆகியவற்றோடு விளையாட்டுத் திடலும் இருந்தது. 2016-ல் கிராம ஊராட்சிகளுக்கு அம்மா பூங்கா திட்டம் அறிவிக்கப்பட்டது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் பணிப் பட்டியலிலும் விளையாட்டுத் திடல் அமைப்பது இடம்பெற்றிருந்தது. பல ஊராட்சிகளில் இன்று சறுக்கு மரமும் ஊஞ்சலும் கம்பி வேலியும் நிற்பது இப்படித்தான்.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. திட்டம் 'ஊராட்சிக்கு ஒன்று' என்று பேசுகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஏறத்தாழ 79 ஆயிரம் குக்கிராமங்கள் இருக்கின்றன. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு ஆறு குடியிருப்புகள். ஒன்றுக்குப் பூங்கா கிடைத்தால் மற்ற ஐந்துக்கு இல்லை. அந்த ஒன்று எது என்று தீர்மானிக்கிறவர் யார்?

அது பெரும்பாலும் ஊராட்சி அலுவலகத்துக்கு அருகில், மெயின் ரோட்டு ஓரத்தில், ஊர்த் தெருக்களை ஒட்டி அமைகிறது. அதிகாரிகள் காரணம் சொல்வார்கள்: அங்கேதான் புறம்போக்கு நிலம் இருந்தது, ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்க்க வசதி, தண்ணீர் இணைப்பு பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத் தெரியும். எல்லாக் காரணங்களும் சேர்ந்து ஒரே திசையில் போய் முடிவதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். பொது நிலம் ஊர்ப் பக்கம் இருப்பதும், சேரியில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக்கொண்டு கால் வைக்க இடமில்லாமல் இருப்பதும் இயற்கையாக நடந்ததில்லை. யாருக்கு எவ்வளவு நிலம், எந்தத் திசையில் என்று சாதி பிரித்துவைத்த ஏற்பாட்டின் மேல்தான் இன்றைய திட்டங்களும் கட்டப்படுகின்றன.

2025 ஏப்ரலில் முதல்வர் சட்டப்பேரவையில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பெயர்ப் பலகை மாறிய தெருவில் சறுக்கு மரம் இல்லை என்றால், அந்தத் தெருவின் குழந்தைக்கு எதுவும் மாறவில்லை.

முந்நூறு மீட்டரும் ஒரு கேள்வியும்

சேரியிலிருந்து ஊர்ப் பூங்காவுக்குச் சில இடங்களில் முந்நூறு மீட்டர்கூட இருக்காது. ஆனால் குழந்தை தனியாகப் போவதில்லை. அம்மா வேலைக்குப் போயிருப்பார். இடுப்பில் தூக்கிக்கொண்டு போகிறவர் பாட்டி. அவர் ஊர்த் தெருவைத் தாண்ட வேண்டும். டீக்கடையைத் தாண்ட வேண்டும். பூங்காவில் குழந்தையை இறக்கிவிட்டதும் யாராவது, 'யார் வீட்டுப் புள்ள?' என்று கேட்பார்கள். சாதாரணமான கேள்விதான். பதில் தெரிந்த பிறகு அந்த ஊஞ்சலிலிருந்து இன்னொரு குழந்தை இறக்கப்படுமானால், பாட்டி மறுநாள் அங்கே போக மாட்டார். எந்தத் தடைப் பலகையும் தேவையில்லை. எந்த வழக்கும் பதிவாகாது. பூங்கா எல்லோருக்கும் பொது என்று பதிவேட்டில் இருக்கும்.

இது வீண் பயம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், பள்ளிக்கூடம் போகும் தலித் பிள்ளைகளிடம், ஊர்க் கட்டுப்பாடு இருப்பதால் இனித் தின்பண்டம் தர முடியாது என்று கடைக்காரர் சொன்ன காணொளி பரவியது. அதன் பிறகே கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டம் மியாபுராவில், பிறந்தநாளன்று சாமி கும்பிடக் கூட்டிவரப்பட்ட சின்னஞ்சிறு தலித் குழந்தை கோயிலுக்குள் ஓடிவிட்டது. தீட்டுக் கழிக்கும் செலவு என்று அந்தக் குடும்பத்திடம் 25,000 ரூபாய் கேட்டார்கள். அங்கும் காவல்துறை வழக்குப் பதிந்து கைது செய்தது. கோட்டைத் தாண்டிய குழந்தைக்கு அங்கே கோடு இருந்ததே தெரியாது. பெரியவர்கள் கேட்ட பணம் அந்தக் கோட்டுக்கான விலை.

எல்லா ஊரும் இப்படி இல்லை. எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே ஊஞ்சலுக்குச் சண்டை போட்டுக்கொள்ளும் ஊர்களும் இருக்கின்றன. அந்த ஊர்கள் இருப்பதே, மற்ற ஊர்களில் இது முடியாத காரியமல்ல என்பதற்குச் சான்று.

சட்டம் நம் பக்கம்தான்

பொது இடத்தில் நமக்குள்ள உரிமை நேற்று வந்ததல்ல. 1924-ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடங்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரியவை என்று அரசு ஆணையிட்டது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் இடம் எதையும் சாதியைக் காட்டி எவருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. ஊராட்சிப் பூங்கா இதற்குள் நேராக வருகிறது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பொது இடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாகப் பட்டியலிடுகிறது. குழந்தைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்று சொல்லும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992-ல் ஏற்றது.

ஆனால் காகிதத்தில் திறந்த கதவு வேறு, காலால் நுழையும் கதவு வேறு. மகாத் நகராட்சி தன் சவ்தார் குளத்தைத் தீண்டத்தகாதோருக்கும் திறப்பதாக 1924-லேயே தீர்மானம் போட்டது. மூன்று ஆண்டுகள் யாரும் அந்தத் தண்ணீரைத் தொட முடியவில்லை. 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அள்ளிக் குடித்த பிறகுதான் தீர்மானத்துக்கு உயிர் வந்தது. அப்போதும் அடி விழுந்தது.

தனியாகவா, பொதுவாகவா?

இங்கேதான் நமக்குள் ஒரு வாதம் வருகிறது. 'அங்கே போய் எதற்கு அவமானப்பட வேண்டும்? நம் தெருவிலேயே தனியாக ஒரு பூங்கா கேட்டு வாங்கிக்கொள்ளலாம்' என்பது ஒரு தரப்பு. 'தனிக் கிணறு, தனிச் சுடுகாடு, தனித் தண்ணீர்த் தொட்டி என்று வாங்கி வாங்கித்தான் பிரிவினை சட்டபூர்வமாகிவிட்டது. ஊஞ்சலிலும் தனியா?' என்பது இன்னொரு தரப்பு. இரண்டும் அலட்சியப்படுத்தக் கூடாத வாதங்கள்.

முதல் தரப்பில் உள்ள உண்மை இது: இரண்டு வயதுக் குழந்தையைப் போராட்டக்காரராக்க முடியாது. மகாத்துக்குப் போனவர்கள் வளர்ந்தவர்கள், தெரிந்து போனவர்கள். ஊஞ்சலாடப் போகும் குழந்தையின் முகத்தில் சாதி வெறுப்பு விழட்டும், அதிலிருந்து உரிமை பிறக்கும் என்று எந்தத் தாயிடமும் நாம் சொல்ல முடியாது. இரண்டாம் தரப்பில் உள்ள உண்மை இது: இரண்டு வயதில் 'அது அவங்க இடம், இது நம்ம இடம்' என்று பழகிய குழந்தை, பள்ளியில், பேருந்தில், டீக்கடையில் அதையே இயல்பாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்துக் குழந்தையும் அதையே இயல்பாக எடுத்துக்கொள்ளும்.

என் கருத்து இதுதான். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்கு விளையாடும் இடம், அதன் வீட்டிலிருந்து பாட்டி நடந்து போகும் தூரத்தில், ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்க வேண்டும். அதைச் சலுகையாகக் கேட்கக் கூடாது, தூரத்தின் கணக்காகக் கேட்க வேண்டும். ஊர்த் தெருவில் இருப்பது எதுவோ அதுவே நம் தெருவிலும், ஊராட்சியின் பொது நிதியிலிருந்தே வர வேண்டும். அதற்கு 'ஆதிதிராவிடர் பூங்கா' என்று பெயர்ப் பலகை வைக்கக் கூடாது. அதன் வாசல் எல்லாத் தெருக் குழந்தைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். அதே நேரத்தில், ஊர்ப் பக்கம் ஏற்கெனவே உள்ள பூங்காவில் நம் பிள்ளைகளின் உரிமையை ஒரு துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 'உங்களுக்குத்தான் அங்கே ஒன்று கட்டிக் கொடுத்தாச்சே' என்று யாராவது சொன்னால், அந்தச் சொல்லே குற்றத்தின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டையும் இணைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. கிராமத்தில் சாதி கேட்காமல் இந்த வயதுக் குழந்தைகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக்கூடிய அரசு இடம் அது ஒன்றுதான். அங்கேயும் சாதி எட்டிப் பார்க்கிறது. மையம் சேரியில் இருந்தால் ஊர்க்காரர்கள் குழந்தையை அனுப்பத் தயங்குவதும், ஊரில் இருந்தால் நம் பாட்டிகள் தயங்குவதும் பால்வாடி டீச்சர்களுக்குத் தெரிந்த சங்கதி. ஆகவே புதிய விளையாட்டு இடம் அங்கன்வாடியை ஒட்டி வரட்டும். அங்கன்வாடி இல்லாவிட்டால் ரேஷன் கடை, தொடக்கப்பள்ளி போல எல்லாரும் வந்தே ஆக வேண்டிய இடத்தை ஒட்டி வரட்டும். ரேஷனுக்கு வரிசையில் நிற்கும் அம்மாக்கள் பேசிக்கொண்டிருக்கையில் குழந்தைகள் தானாகவே கலந்துவிடும்.

பூட்டு ஒரு தீர்வாகாது

பொது இடத்தில் சாதிச் சிக்கல் வந்தால் நிர்வாகம் சுலபமாகச் செய்வது பூட்டுப் போடுவது. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில், தலித் மக்கள் வழிபாட்டு உரிமை கேட்ட திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைக்கப்பட்டது. சட்டம் ஒழுங்கு என்று காரணம் சொன்னார்கள். கோயில் பல மாதங்கள் பூட்டிக் கிடந்தாலும் மறுபடி திறக்கலாம். குழந்தைக்கு இரண்டு வயது ஒருமுறைதான் வரும். பூங்காவில் தகராறு என்று புகார் போனால், தடுத்தவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். பூங்காவைப் பூட்டுவது தடுக்கப்பட்டவருக்கும் சேர்த்துக் கொடுக்கும் தண்டனை.

நல்ல இடம் என்றால் என்ன?

கேட்கும்போது தெளிவாகக் கேட்க வேண்டும். 'பூங்கா வேண்டும்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கம்பிகளும் சிமென்ட் தரையும் ஒரு நுழைவு வளைவும் வந்து நிற்கும். சின்னக் குழந்தைக்கு வேண்டியவை வேறு.

முதலில் நிழல். வேம்பு, புங்கை போன்ற மரங்கள் இருக்கிற இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வேலையாக நட வேண்டும். வெயிலில் காயும் தகரச் சறுக்கு மரம் குழந்தையின் தொடையைச் சுட்டுவிடும். இரண்டாவது, தரை. சிமென்ட்டும் ஜல்லியும் வேண்டாம், சறுக்கு மரத்தடியிலும் ஊஞ்சலடியிலும் மணல் வேண்டும். மூன்றாவது, வேலி. ரோடு, கிணறு, குளம், கழிவுநீர்க் கால்வாய் எதுவும் குழந்தை ஓடிப்போகும் தூரத்தில் திறந்து கிடக்கக் கூடாது. நான்காவது, அளவு. ஊஞ்சலும் சறுக்கு மரமும் தாழ்வாக இருக்க வேண்டும், பெரிய பிள்ளைகளின் கிரிக்கெட் திடலிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். ஐந்தாவது, கூட வருகிறவர்கள் உட்கார ஒரு திண்ணை, குடிக்கத் தண்ணீர், ஒரு கழிப்பறை, மாலையில் எரியும் விளக்கு. ஆறாவது, பராமரிப்பு. துருப்பிடித்த கம்பியும் உடைந்த பாட்டிலும் கிடக்கிற பூங்கா, பூங்கா இல்லாததைவிட மோசம். கூட்டுவது யார், பழுது பார்ப்பது யார் என்பது தீர்மானத்திலேயே எழுதப்பட வேண்டும். அந்தக் கூட்டும் வேலையும் தூய்மைப் பணி என்ற பெயரில் நம் தெருக்காரர் தலையில் மட்டும் விழக் கூடாது.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஐந்து சென்ட் இடமே போதும். மணல், வேலி, நான்கு மரக்கன்று, இரண்டு ஊஞ்சல் போட்டுத் தொடங்கிவிடலாம்.

மாணவர்கள் செய்யக்கூடியது

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊராட்சியின் வரைபடத்தை ஒரு தாளில் வரையுங்கள். பூங்கா, திடல், அங்கன்வாடி, நூலகம், ஒவ்வொரு குடியிருப்பு எல்லாவற்றையும் குறியுங்கள். சேரியின் கடைசி வீட்டிலிருந்து பூங்காவுக்கு எத்தனை அடி என்று நடந்து எண்ணி எழுதுங்கள். குழந்தையோடு பாட்டி நடந்தால் எத்தனை நிமிடம் ஆகிறது என்றும் எழுதுங்கள். இந்த ஒரு தாள், பத்துப் பக்க மனுவைவிடப் பேசும்.

அடுத்தது நிலம். உங்கள் குடியிருப்பு அரசு வழங்கிய வீட்டுமனைப் பகுதி என்றால், அதன் மனைப்பிரிவு வரைபடத்தில் பொதுப் பயன்பாட்டுக்கு இடம் விடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விட்டிருந்தால் அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, ஊராட்சியில் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் இதுவரை எவ்வளவு செலவானது, எந்தக் குடியிருப்பில் என்று கேட்கலாம்.

பிறகு பணம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளின் அடிப்படை வசதிகளுக்காக ஐந்தாண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று 2023-24 நிதிநிலை அறிக்கையில் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு ஒதுக்கும் நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்பதற்காக 2024-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. சாலை, சாக்கடை, விளக்கு போல, குழந்தை விளையாடும் இடமும் அடிப்படை வசதிதான் என்று இந்த நிதிகளை வைத்திருப்பவர்களிடம் கேட்க வேண்டும். ஆனால் 'அந்த நிதி இருக்கிறதே' என்று ஊராட்சி தன் பொது நிதியிலிருந்து நழுவ இடம் தரக் கூடாது.

ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்துக்கு முன்பே தலைவரிடமோ தனி அலுவலரிடமோ எழுத்தில் கொடுங்கள். 'ஒவ்வொரு குடியிருப்பிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விளையாட்டு இடம்' என்று ஒரே வரியில் தீர்மானம் கேளுங்கள். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் கேளுங்கள். மற்ற குடியிருப்புக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறில் ஐந்து குடியிருப்புக்குப் பூங்கா இல்லை என்றால், அந்த ஐந்தில் பிற சாதி ஏழைகளின் தெருக்களும் இருக்கும். அவர்களுடைய குழந்தைக்கும் அதே தூரம்தான்.

கூட்டத்துக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளைக் கூட்டிப்போங்கள். எத்தனை அடி தூரம், வழியில் என்ன இருக்கிறது, ஏன் போவதில்லை என்று அவர்களே சொல்லட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் மேடையில் உட்கார்ந்திருப்பார்கள்.